ஒரு வாரம் போயாச்சு, இன்னும் மூன்று வாரம்: வார்டில் எதைப் பார்ப்பது?

வேளிமலை:

எல்லோருக்கும் வணக்கம். பயோமெடிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். வீடு தக்கலை பக்கம். நாலு வாரம் ஆஸ்பத்திரியில் இன்டர்ன்ஷிப் செய்து, அங்கே கண்ட ஒரு பிரச்சினைக்கு ஒரு கருவி யோசித்து, அதையே கடைசி வருட புராஜெக்டாகச் செய்ய வேண்டும் என்பது எங்கள் துறையின் ஏற்பாடு. நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. முதல் வாரம் முடிந்துவிட்டது.

அந்த ஒரு வாரத்தில் நான் செய்தது: ஜெனரேட்டர் ரூமை ஒட்டிய பயோமெடிக்கல் அறையில் உட்கார்ந்து பிபி மெஷின்களில் ஸ்டிக்கர் ஒட்டியது, ரெஜிஸ்டரில் சீரியல் நம்பர் எழுதியது, டீ வாங்கி வந்தது. அங்கே இருக்கும் இன்ஜினியர் அண்ணன் நல்லவர்தான், ஆனால் காலையிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கிறார். புதன்கிழமை என்னை ஐசியுவுக்குள் கூட்டிப்போய் ஒரு மூலையில் நிறுத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். ஒரு சிஸ்டர் வந்து "என்ன வேணும்?" என்று கேட்டார். பதில் தெரியாமல் வெளியே வந்துவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதீர்கள். நான் போகும்போதே ஒரு ஐடியாவோடுதான் போனேன். டிரிப் பாட்டில் தீரப்போகும்போது நர்ஸின் போனுக்கு மெசேஜ் போகிற மாதிரி ஒரு கருவி. லோட் செல்லில் பாட்டிலைத் தொங்கவிட்டு எடை பார்ப்பது. கைடு நன்றாக இருக்கிறது என்றார். வெள்ளிக்கிழமை காலி கட்டில் ஒன்றின் பக்கத்தில் ஸ்டாண்டில் மாட்டி வார்டு சிஸ்டருக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டில் பாட்டிக்குத் துணைக்கு இருந்த அக்கா வந்து, ஸ்டாண்டு சும்மா நிற்கிறது என்று நினைத்து, பிளாஸ்கும் ஆரஞ்சும் இருந்த கவரை அந்தக் கொக்கியிலேயே மாட்டிவிட்டுப் போனார். என் திரையில் 500 கிராம் ஒரே தாவாக ரெண்டு கிலோவைத் தாண்டிவிட்டது. சிஸ்டர் சிரித்துவிட்டு, "போன வருஷமும் ரெண்டு பையன்மார் இதே மெஷினைக் கொண்டு வந்தானுவ" என்றார்.

வீட்டில் புலம்பினால் அம்மா, "நிக்க இடம் கிடைச்சிருக்கில்ல, நில்லு" என்கிறாள். அவள் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து கொட்டையின் தோடு உடைப்பவள். அவளிடம் இதற்கு மேல் புலம்ப முடியாது.

மூன்று வாரம் மிச்சம். எங்கே நிற்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும், என்ன கேட்க வேண்டும்? அந்த டிரிப் ஐடியாவை விட்டுவிடலாமா?

கடைசிபெஞ்ச்:

நாங்கள் ஆறு பேர் காசு கட்டி பதினைந்து நாள் போனோம். எம்ஆர்ஐ ரூம் வாசலில் நின்று குரூப் போட்டோ எடுத்தோம், சர்டிபிகேட் வாங்கினோம், வந்துவிட்டோம். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். வைவாவில் "வார்டில் என்ன பார்த்தாய்" என்று ஒருத்தர் கேட்டபோதுதான் நாங்கள் வார்டுக்கே போகவில்லை என்பது உறைத்தது. உனக்கு இந்தக் கேள்வி ஒரு வாரத்திலேயே வந்துவிட்டது. பரவாயில்லை.

பழையாறு:

தங்கச்சி, நான் பதினெட்டு வருடமாக ஆஸ்பத்திரி பயோமெடிக்கல் வேலையில் இருக்கிறேன். ஆறு வருடம் திருவனந்தபுரம், மீதி நம்ம மாவட்டம். உன் பதிவில் நீயே கவனிக்காத ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. அந்த பிளாஸ்க் கவர். அது தொந்தரவு இல்லை. முதல் வாரத்தில் உனக்குக் கிடைத்த ஒரே உண்மையான தகவல் அதுதான். ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பவருக்குப் பை வைக்க இடமில்லை, டிரிப் ஸ்டாண்டுதான் அவருக்கு ஆணி.

டிரிப்பை எடுத்துக்கொள். 500 மில்லி பாட்டில் எட்டு மணி நேரத்தில் போக வேண்டும் என்று டாக்டர் எழுதுகிறார். மணிக்கு 62.5 மில்லி. சாதாரண ஐவி செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி, அப்படியானால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 21 சொட்டு. சிஸ்டர் வாட்சைப் பார்த்து, டியூபில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரோலரைத் திருகி அதைச் சரியாகத்தான் வைத்துவிட்டுப் போகிறார். பாட்டிலின் மேல் வெள்ளை பிளாஸ்டரை நீளமாக ஒட்டி 10 மணி, 12 மணி, 2 மணி என்று பேனாவால் கோடும் போடுகிறார். நீ பார்த்திருப்பாய். ஆக பாட்டில் எப்போது தீரும் என்பது அவருக்குத் தெரியும். கெடுவது நடுவில். நோயாளி முழங்கையை மடக்குகிறார், சொட்டு நிற்கிறது. கட்டிலின் தலைமாட்டை உயர்த்துகிறார்கள், பாட்டிலுக்கும் கைக்கும் உள்ள உயரம் குறைகிறது, வேகமும் குறைகிறது. ரோலர் அமுக்கிய இடத்தில் பிளாஸ்டிக் டியூப் மெல்ல மெல்ல உருமாறி, யாருமே தொடாமல் வேகம் மாறுகிறது. அப்புறம் நம்ம ஊர் சிறப்பு: கடைசி பஸ்ஸுக்கு முன்னால் டிஸ்சார்ஜ் ஆக வேண்டும் என்று கூட இருப்பவர் ரோலரை முழுக்கத் திறந்துவிடுவது. இத்தனையையும் விட்டுவிட்டு நாம் எல்லோரும் "தீர்ந்துவிட்டது" என்று கத்தும் மெஷினைச் செய்கிறோம். நாம் என்கிறேன், ஏனென்றால் நானும் செய்திருக்கிறேன்.

அதைவிடக் கேவலமான கதையும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆபரேஷன் தியேட்டரில் டியூப்களை ஒழுங்காகப் பிடித்து வைக்க ஒரு கிளிப் டிசைன் பண்ணி, தெரிந்தவர் ஒருவரிடம் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி பிரின்ட் எடுத்தேன். சர்ஜனுக்குப் பிடித்தது. ஸ்டெரிலைஸ் பண்ணிக் கொண்டு வாருங்கள் என்றார். நீராவியில் ஸ்டெரிலைஸ் பண்ணும் ஆட்டோகிளேவ் 121 டிகிரி, பிஎல்ஏ 60 டிகிரி பக்கம் வந்தாலே இளகிவிடும். இரண்டுமே எனக்குத் தனித்தனியாகத் தெரியும், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். மறுநாள் டிரேயைத் திறந்தால் பிசைந்த முறுக்கு மாவு மாதிரி ஒரு உருண்டை. அந்த அறையில் வேலை பார்த்த அக்கா அதைக் கிடுக்கியால் எடுத்து, "இது யாருக்க சாதனம்?" என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டு நடந்தார். அதனால் சொல்கிறேன், ஒரு முழு நாளைக் கருவிகளைக் கழுவி, கட்டி, ஆட்டோகிளேவ் போடும் இடத்தில் செலவழி. மாணவர்கள் யாரும் அங்கே போவதில்லை. எந்த இடுக்கில் ரத்தம் தங்குகிறது, எந்தப் பிடி தேய்க்கத் தேய்க்கக் கழன்று வருகிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

ரெஜிஸ்டரில் சீரியல் நம்பர் எழுதுவதாகச் சொன்னாய். அதே அலமாரியில் கம்ப்ளைன்ட் ரெஜிஸ்டர் இருக்கும். கேட்டு வாங்கி இரண்டு வருடத்துக்குப் பின்னால் போய்ப் படி. பெரிய மெஷினின் போர்டு போன கதை அபூர்வமாகத்தான் வரும். திரும்பத் திரும்ப வருவது, ரத்தத்தில் ஆக்சிஜன் அளக்க விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரின் வயர் கழுத்தில் முறிந்தது, பிபி கஃப் காற்று நிற்கவில்லை, ஈசிஜி லீடு அறுந்தது, சளியும் ரத்தமும் உறிஞ்சும் சக்ஷன் மெஷின் இழுக்கவில்லை. சக்ஷன் இழுக்காததற்கு நான் போய்ப் பார்த்தால் பல நேரம் மோட்டாரில் ஒன்றும் இருக்காது, ஜாடியின் மூடி சரியாக உட்கார்ந்திருக்காது. அவசரத்தில், கையுறையோடு, ராத்திரி அந்த மூடியை மூடிப் பார். அப்போது புரியும்.

டயாலிசிஸில் அனுமதி கிடைத்தால் ஒரு ஷிப்ட் முழுக்க உட்கார். நிமிடத்துக்கு 500 மில்லி என்று வைத்தாலும் நாலு மணி நேரத்தில் ஒரு ஆளுக்கு ரத்தத்தின் கழிவை வாங்கிக்கொள்ளும் டயாலிசேட் திரவம் 120 லிட்டர் ஓடுகிறது. புத்தகத்தில் ஃபில்டரின் படம்தான் இருக்கும், இந்தத் தண்ணீரின் கணக்கு இருக்காது. அங்கே நோயாளிகளும் நாலு மணி நேரம் விழித்துக்கொண்டு படுத்திருப்பார்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை வருகிறவர்கள், மெஷினைப் பற்றி உன் வாத்தியாரைவிட அதிகம் தெரிந்தவர்கள்.

எழுதுவது எப்படி? சின்ன நோட்டு, பாக்கெட்டில் போகிற அளவு. பார்த்ததை மட்டும் எழுது: மணி, யார், என்ன செய்தார், கை எங்கே போனது. ராத்திரி வீட்டுக்கு வந்து அதிலிருந்து ஒரே ஒரு வாக்கியம். யாருக்கு, எந்த வேலையில், எது கெடுகிறது. அந்த வாக்கியத்தில் சென்சார், ஆப், அலாரம் என்ற சொல் வந்தால் அடித்துவிட்டுத் திரும்ப எழுது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பால் யாக் என்ற இதய டாக்டர் 2001ல் தொடங்கிய பயோடிசைன் என்ற மருத்துவக் கருவி வடிவமைப்புப் பாடத்திலும் முதல் படி இதுதான், தேவையை எழுதி முடிக்கும்வரை தீர்வைத் தொடக் கூடாது.

அவ்வளவு தூரம் போவானேன், நமக்குப் பக்கத்திலேயே திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரை திருநாள் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. வலியத்தான் என்ற இதய சர்ஜனும் இன்ஜினியர்களும் சேர்ந்து செய்த சித்ரா என்ற செயற்கை இதய வால்வு, முதல் மூன்று மாதிரிகளும் தோற்று, நான்காவதுதான் தேறியது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு வைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் எந்த இடத்தில் தேய்ந்தது, எங்கே முறிந்தது என்று சர்ஜனும் இன்ஜினியரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பார்க்க முடிந்திருக்கிறது. உனக்கு மூன்று வாரத்துக்கு அந்த மேஜையின் ஒரு ஓரம் கிடைத்திருக்கிறது.

கடைசியாக, ஹெபடைடிஸ் பி ஊசி போட்டுவிட்டாயா? மூன்று தவணை, 0, 1, 6 மாதம். போடவில்லை என்றால் நாளைக்கே தொடங்கு, ரத்தம் உள்ள இடத்தில் கையை வைக்காதே. நோயாளியைப் படம் எடுக்காதே, கேஸ் ஷீட்டையும்தான். நீ செய்த எதையும் நோயாளியின் உடம்பில் மாட்டிப் பார்க்கவே கூடாது, அதற்கு எதிக்ஸ் கமிட்டி இருக்கிறது. இதில் விளையாட்டு கிடையாது.

இரவுப்பணி:

மக்களே, நான் சிஸ்டர். பதினேழு வருஷம் ஆகிறது, இப்போது மெடிக்கல் வார்டு. இன்ஜினியர் தம்பி நிறையச் சொல்லிவிட்டார், அவர் சொல்லாததைச் சொல்கிறேன்.

காலையில் எட்டு மணிக்கு நோட்டோடு வந்து "சிஸ்டர், உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்லை" என்றுதான் சொல்வோம். பொய் இல்லை. டியூட்டி மாறுகிற நேரம், ரவுண்ட்ஸ் வருகிற நேரம், வேறு எதுவும் தோன்றாது. அதுவும் போக, எங்கள் பிரச்சினைகளை நாங்களே பிளாஸ்டர் போட்டுத் தீர்த்து வைத்திருக்கிறோம், அதனால் அது பிரச்சினை என்பதே மறந்துபோய்விட்டது. நீ வார்டுக்குள் வந்தால் பிளாஸ்டர் எங்கெல்லாம் இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறது என்று பார். மானிட்டர் வயரைக் கட்டில் கம்பியோடு சேர்த்து ஒட்டியிருப்போம். பிபி கஃப் ஒட்டாமல் போனால் காஸ் துணியால் கட்டியிருப்போம். சக்ஷன் ஜாடியில் அளவுக் கோடு அழிந்துபோய் மார்க்கரால் போட்டிருப்போம். அலாரம் ஸ்பீக்கர் மேல் பஞ்சு வைத்து ஒட்டியிருப்பதையும் பார்ப்பாய். அது தப்பு, எங்களுக்கும் தெரியும். ஏன் ஒட்டினோம் என்று மட்டும் கேள், திட்டாதே.

ஏன் என்றால், பாதி நேரம் அது கத்துவது நோயாளிக்காக இல்லை, விரலுக்காக. விரலில் மாட்டுகிற கிளிப் கழன்றுவிடும், இல்லை விரல் ஜில்லென்று இருக்கும், இல்லை வெளிச்சம் உள்ளே போகாது. குளச்சல், முட்டம் பக்கத்திலிருந்து வரும் கடல்வேலைக்காரர்களின் விரல் தோல் கயிறு இழுத்து இழுத்துக் காய்த்திருக்கும். உங்கள் அம்மா அண்டி ஆபீஸ் என்று எழுதியிருந்தாய். அந்த முந்திரித் தோட்டுக் கறையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாம்பலும் எண்ணெயும் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தாலும் விரல் நுனி கருத்து, தோல் உரிந்துதான் இருக்கும். அப்படிப்பட்ட கையில் மாட்டினால் சில நேரம் திரையில் எண் வராமல் வெறும் கோடுதான் வரும். நாங்கள் விரலை மாற்றிப் பார்ப்போம், கிளிப்பைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்ப்போம், காது மடலுக்குப் போவோம். இதை எந்த மெஷினின் புத்தகமும் சொல்லித் தரவில்லை, சீனியர் சிஸ்டர் சொல்லித் தந்தார்.

இன்னொன்று ஆக்சிஜன். மேல்சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் அனுப்பும்போது சின்ன சிலிண்டரை ஸ்ட்ரெச்சரில் வைத்து அனுப்புவோம். நிறைந்த பி டைப் என்றால் ஏறக்குறைய 1500 லிட்டர், நிமிடத்துக்கு 5 லிட்டர் போனால் ஐந்து மணி நேரம், 10 லிட்டர் போனால் இரண்டரை. நிறைந்திருந்தால்! பாதி சிலிண்டர் என்றால் மீட்டரில் முள்ளைப் பார்த்து மனக்கணக்கு. அது பிரஷரைத்தான் காட்டும். கூட வருகிறவர் கேட்பது "எவ்வளவு நேரம் வரும் சிஸ்டர்?" வழியில் களியக்காவிளையிலும் பாலராமபுரத்திலும் வண்டி எவ்வளவு நேரம் நிற்கும் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு.

ஒக்கி புயல் நேரம், 2017 நவம்பர் கடைசி, உனக்கு நினைவிருக்கும். மரமும் போஸ்டும் விழுந்து ஊரெல்லாம் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. அப்போது நான் இருந்த இடத்தில் ஜெனரேட்டர் மாறுகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் மருந்தை மெல்ல மெல்ல ஏற்றும் சிரிஞ்ச் பம்ப் இரண்டு அப்படியே அணைந்துவிட்டன. எப்போதும் பிளக்கிலேயே கிடந்ததால் பேட்டரி செத்திருந்தது யாருக்கும் தெரியவில்லை. திரையில் பேட்டரி படம் முழுசாகத்தான் தெரிந்தது.

நீ வர வேண்டிய நேரம் மதியம் இரண்டரைக்கு மேல், அல்லது நைட். அனுமதி வாங்கிவிட்டு வா. சும்மா நிற்காதே, காஸ் மடித்துக் கொடு, கட்டிலைத் தள்ள ஒரு கை கொடு. போன வருஷம் ஒரு பிள்ளை மூன்று நாள் எங்களோடு உட்கார்ந்து காஸ் மடித்தது. நாலாவது நாள்தான் அந்தப் பஞ்சு விஷயத்தை அவளிடம் சொன்னேன்.

பழையாறு:

சிஸ்டர் சொன்ன பேட்டரி விஷயத்தில் எனக்கும் பங்கு உண்டு. நாங்கள் மெயின்டனன்ஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். வார்டில் பம்ப் காலியாக இருந்தால்தானே! தங்கச்சி, நீ ஒட்டிய ஸ்டிக்கர்களை எல்லாம் இப்போது இந்தக் கண்ணோடு நினைத்துப் பார்.

விரல் விஷயம்: பல்ஸ் ஆக்சிமீட்டர் 660 நானோமீட்டர் சிவப்பு, 940 அகச்சிவப்பு, இந்த இரண்டு ஒளியும் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதின் விகிதத்தில் நிற்கிற கருவி. ஜப்பானில் அவோயாகி என்ற இன்ஜினியர் 1974ல் கொண்டுவந்த யோசனை. நடுவில் கறையோ நகப்பூச்சோ வந்தால் கணக்கு குழம்பும். தோலின் நிறமே குழப்பும் என்று 2020ல் அமெரிக்க ஆய்வு ஒன்று வந்தது. கருவி சரி என்று காட்டியும் உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்த நிலை, வெள்ளையர்களைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு. அதற்காக நாளைக்கே புது ஆக்சிமீட்டர் செய்யக் கிளம்பிவிடாதே. கோடு வந்த பிறகு சிஸ்டர் என்ன செய்கிறார், எத்தனை நிமிடம் போகிறது, அந்த நேரம் பக்கத்துக் கட்டிலில் என்ன நடக்கிறது, அதை முதலில் பார்.

வேளிமலை:

எல்லோருக்கும் நன்றி. அண்ணா, ஊசி இரண்டு தவணை முடிந்துவிட்டது, மூன்றாவது ஜனவரியில். சிஸ்டர் அக்கா, நீங்கள் சொன்ன மாதிரியே எங்கள் இன்ஜினியர் அண்ணனிடம் கேட்டேன், அவர் நர்சிங் சூப்பரின்டென்டென்டிடம் பேசி இரண்டு நைட் வாங்கித் தந்தார். இதுவரை யாரும் கேட்டதே இல்லையாம்.

முதல் நைட் முழுக்க காஸ்தான் மடித்தேன். நோட்டில் பதினோரு பிளாஸ்டர் எழுதியிருக்கிறேன். அதில் ஒன்று ரோலர் மேல்! கூட இருப்பவர்கள் திறந்துவிடாமல் இருக்க ரோலரையே பிளாஸ்டரால் சுற்றிவிடுகிறார்கள். அப்புறம் வேகத்தை மாற்ற வேண்டும் என்றால் சிஸ்டரே கையுறையோடு அதைப் பிரிக்க முடியாமல் கத்தரிக்கோல் தேடுகிறார். ஒரு தடவை கத்தரி டியூபையே வெட்டிவிட்டது, புது செட் மாட்டினார்கள். மூன்று மணிக்கு நடந்தது. வாக்கியம் இன்னும் சரியாக வரவில்லை. இப்போதைக்கு இப்படி: "வார்டில் துணைக்கு இருப்பவர் டிரிப் வேகத்தை மாற்றிவிடாமலும், சிஸ்டர் ஒரே கையால் சீக்கிரம் மாற்றும்படியும் இல்லை." சென்சார் வரவில்லை, அலாரம் வரவில்லை. "ஒரே கையால்" என்பது தீர்வைச் சொல்கிற மாதிரி ஆகிவிடுமா அண்ணா?

காலையில் வடசேரியிலிருந்து பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தபோது அம்மா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கொரோனா நேரத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் அலமாரியில் கிடந்தது, புது பேட்டரி போட்டு அவள் வலது ஆள்காட்டி விரலில் மாட்டினேன். ரெண்டு கோடு. நடுவிரலிலும் ரெண்டு கோடு. இடது மோதிர விரலில் 97 வந்தது. "எனக்கு ஏதாச்சும் இருக்கா?" என்று பயந்துவிட்டாள். ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். இத்தனை வருடம் அந்தக் கையால்தான் எனக்குச் சோறு வந்தது, அதில் எந்த விரலில் வெளிச்சம் போகும் என்று நேற்றுவரை எனக்குத் தெரியாது. இதை நோட்டில் எழுதவில்லை. இது வார்டில் பார்த்தது இல்லையே.

வியாழக்கிழமை இரண்டாவது நைட்.